பெரிய வியாழனில் பார்த்த குதிகால்

என் கணவர் எனக்குத் தெரியாமல் ஆட்டுக்கறி சாப்பிடவில்லை. பதினாறு வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதைச் சொல்ல ஒரு இதய டாக்டர் தேவைப்பட்டார். அந்த டாக்டர் நல்லா இருக்கட்டும். நான்தான் கொஞ்ச நாள் தலையைக் குனிந்துகொண்டு திரிந்தேன்.

நாங்கள் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறோம். அவர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் குழாய் வேலைக்கு சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம்தான் வீட்டில் முகத்தைப் பார்க்கலாம். நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இருபது பிள்ளைகளில் யார் கிரேயானைக் கடித்தது, யார் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளியது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் திறமையில் எனக்கு ரொம்ப நம்பிக்கை. வினையே அதில்தான் ஆரம்பித்தது.

இவருடைய கம்பெனியில் வருடா வருடம் ரத்தப் பரிசோதனை உண்டு. இந்த வருடம் வந்த தாளில் கெட்ட கொலஸ்ட்ரால் என்ற வரிக்கு நேரே சிவப்பு எழுத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வேறு. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் இதே சிவப்புதான். அந்தத் தாள்களைப் பழைய பூட்ஸ் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். அலமாரியைத் துடைக்கும்போது என் கையில் சிக்கின. ஏன் என்னிடம் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டினா நீ இப்படித்தான் குதிப்ப" என்றார்.

குதிக்கத்தான் செய்தேன். குதிக்கக் காரணம் இருந்தது. இவருடைய அப்பா நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. துட்டி வீட்டிலேயே சொந்தக்காரர்கள் வாய்க்கு வாய் பேசினார்களாம், நாக்கைக் கட்டாத மனுஷன், கறி தின்றே போய்ச் சேர்ந்தான் என்று. இவருக்கு அடுத்த ஜூனில் நாற்பத்தைந்து பிறக்க இருந்தது. காலண்டரில் ஜூன் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது. கோபம்தான் வரும்.

மாமியார் தூத்துக்குடிப் பக்கத்தில் சின்ன மகனோடு இருக்கிறார். ஞாயிறுதோறும் வீடியோவில் வருவார். முதல் கேள்வி, சாப்பிட்டீங்களா. இரண்டாவது, "அவனுக்குக் கறி கிறி ஆக்கிப் போடுதியா?" இல்லை அத்தை என்றால், "போடாத, தாயி" என்று கெஞ்சுகிற மாதிரி சொல்வார். அவரே கறி தொட்டு முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸ் அன்றைக்கும் பருப்பும் ரசமும்தான். புருஷன் போன துக்கத்தில் எடுத்துக்கொண்ட விரதம் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

கம்பெனி கிளினிக் டாக்டர் தாளைப் பார்த்ததுமே மாத்திரை எழுதப் போனார். நான் விடவில்லை.

"டாக்டர், அடுத்த வாரம் எங்களுக்குத் தவக்காலம் ஆரம்பிக்குது. நாற்பது நாள் ஒருசந்தி, சுத்தபோசனம். கறி, மீன், முட்டை ஒண்ணும் கிடையாது. அது முடிஞ்சதும் ரத்தம் எடுத்துப் பாருங்க. தானா குறைஞ்சிருக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் கூரையைப் பார்த்தார். நாற்பது நாள்தான், அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஆண்டவருக்காக இருக்க வேண்டிய நோன்பை நான் வைத்தியத்துக்கு எடுத்துக்கொண்டேன். புண்ணியத்துக்குப் புண்ணியம், மருந்துக்கு மருந்து என்று எனக்குள் பெருமை வேறு.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து எங்கள் அடுப்பில் கொள்ளு ரசம், ஓட்ஸ் கஞ்சி, முருங்கைக்கீரை, காய்ந்த சப்பாத்தி. தேங்காயை நிறுத்தினேன். தாளிக்கும் எண்ணெயை டீஸ்பூனில் அளந்தேன். எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. மூன்றாம் நாளே, "அம்மா, இது வீடா ஹாஸ்பிட்டலா?" என்று கேட்டாள். இவர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். அவ்வளவு அடக்கமாக ஒருவர் கொள்ளு ரசம் குடித்தால் எனக்குச் சந்தேகம் வராதா? வந்தது.

நாங்கள் தமிழ்ப் பூசைக்குப் போகும் கோயில் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில்தான். தவக்காலத்தின் மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் "முடி வெட்டிட்டு வர்றேன்" என்று இவர் கழன்றுகொண்டார். முடி அப்படியொன்றும் வளர்ந்திருக்கவில்லை. மகளைக் கோயில் வாசலில் தோழிகளோடு விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். பூக்கடைகளைத் தாண்டி, காய்கறிக் கூடைகளுக்கு நடுவே புகுந்து, தேக்கா சந்தை உணவுக்கடைப் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். நாற்பத்திரண்டு வயதில், ஞாயிற்றுக்கிழமைப் புடவையோடு, தூணுக்குப் பின்னால். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்குக் கண் சிவந்திருந்தது.

பட்டறை ஆட்கள் மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தார். மேஜை நிறைய மட்டன் பிரியாணி. இவர் முன்னால் பால், சீனி போடாத தே ஓ கோசோங் மட்டும். நேராகப் போய் நின்றேன். பட்டறை ஆட்கள் "வாங்கக்கா" என்று எழுந்தார்கள். இவர் கையருகே ஒரு எச்சில் தட்டு இருந்தது. அது பக்கத்தில் இருந்தவருடையது என்று மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள்.

"நான் தொடவே இல்லடி" என்றார்.

"என்னைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வச்சிட்டீங்க" என்றேன். ஊரே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து என்னோடு வந்தார். ரயிலில் உட்லண்ட்ஸ் வரும்வரை நான் மட்டும்தான் பேசினேன்.

பரிசுத்த வாரத்தின் திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தார். புதன்கிழமை தாள் வந்தது. அதே சிவப்பு, அதே நட்சத்திரம். எண்ணில் நூலளவு குறைந்திருந்தது, அவ்வளவுதான். நான் தாளை மேஜையில் அடித்தேன்.

"ஆண்டவர் பாடுபட்ட வாரத்துலகூடப் பொய் சொல்ல எப்படிங்க மனசு வருது?"

"அம்மா, ப்ளீஸ் லா. அப்பா சாப்பிடவே இல்ல" என்று மகள் நடுவில் வந்தாள்.

"உனக்கு என்னடி தெரியும், நீ என்ன துவாஸ் கேன்டீன்லயா உட்கார்ந்திருந்த?"

இவர் தாளை எடுத்து அந்தச் சிவப்பு எண்ணை விரலால் தடவினார். பிறகு சொன்னார்: "எனக்கே சந்தேகமா இருக்கு. தூக்கத்துல எந்திரிச்சுப் போய்த் திங்கிறேனோ என்னவோ. எங்கப்பா நாக்குதான எனக்கும்." எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் பெரிய வியாழன். பங்கிலிருந்து பன்னிரண்டு ஆண்களைத் தேர்ந்தெடுத்துப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்து, சாமியார் பாதம் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். இந்த வருடப் பன்னிரண்டு பேரில் இவரும் ஒருவர். மாசத் தொடக்கத்திலேயே பெயர் கொடுத்தாகிவிட்டது, இல்லையென்றால் நானே சாமியாரிடம் சொல்லி எடுத்துவிட்டிருப்பேன். வெள்ளைச் சட்டை போட்டு, பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்டு, ஐந்தாவது நாற்காலியில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். சாமியார் குனிந்து அந்தக் காலைக் கழுவும்போது, இந்த மனுஷனுக்கு இந்த மரியாதை ஒரு கேடா என்று நான் ஜெபப் புத்தகத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் என்னை மன்னித்திருப்பார். என் மகள் இன்னும் மன்னிக்கவில்லை.

பாதம் கழுவப்பட்டவர்கள் வெறுங்காலோடுதான் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போனார்கள். இவருக்கு நேர் பின்னால் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு நர்ஸ் பெண் நின்றாள். திருச்சிக்காரி, இங்கே ஒரு மருத்துவமனையில் இதயப் பிரிவில் வேலை. நன்மை வாங்கப் போகிறவர்கள் கையைக் குவித்துக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் போவார்கள். அவள் தாழ்த்திய கண்ணுக்கு நேரே இவருடைய குதிகால்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஓடி வந்தாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, கோச்சுக்காதீங்க. அண்ணனுக்கு கொலஸ்ட்ரால் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் பகீர் என்றது. இவளுக்குமா தெரிந்துவிட்டது, எந்தக் கடையில் பார்த்தாளோ என்றுதான் முதலில் ஓடியது என் புத்தி. "எங்க வச்சு சாப்பிட்டாரு?" என்றேன்.

அவள் விழித்தாள். "சாப்பாடு இல்லக்கா. அண்ணன் கால்."

இவர் திண்டாடிக்கொண்டு காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் கோயில் முற்றத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று குதிகாலுக்கு மேலே இருக்கும் அந்தத் தடித்த தசைநாரைப் பிடித்துப் பார்த்தாள். எல்லோருக்கும் அது விரல் பருமன் இருக்கும். இவருக்கு இரண்டு காலிலும் கயிறு முறுக்கின மாதிரி தடித்து, நடுவில் முண்டு முண்டாக இருந்தது. அன்றைக்கு ஒரே நாளில் அந்தக் காலை இரண்டாவது ஆள் பிடிக்கிறார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது சேஃப்டி பூட்ஸ் தேய்ச்சு தேய்ச்சு வந்தது" என்றார் இவர். எனக்கும் அதுதான் நினைப்பு. ஆறு வருடமாக அதற்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

"எனக்கு அப்படித் தோணலண்ணா. எங்க வார்டுல ரெண்டு பேருக்குப் பார்த்திருக்கேன். அப்பா, சித்தப்பா யாராவது சின்ன வயசுல…" என்று நிறுத்தினாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த வாரம் அவரை நான் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரமே கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கி இதய டாக்டரிடம் போனோம். நடுவயதுச் சீனப் பெண்மணி. அவசரமே படாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நான் எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன்.

கொலஸ்ட்ரால் விஷமில்லை. உடம்பில் ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் அது வேண்டும், பித்தநீருக்கு வேண்டும், ஹார்மோனுக்கு வேண்டும். அதனால் நாம் சாப்பிட்டுக் கொடுப்போம் என்று உடம்பு காத்திருப்பதில்லை. பெரும்பகுதியை அதுவே செய்துகொள்கிறது, முக்கியமாகக் கல்லீரல். அது கொழுப்பு, ரத்தம் தண்ணீர் மாதிரி, இரண்டும் கலக்காது. எனவே கல்லீரல் அதைப் புரத உறை போட்டுச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. தேவைப்பட்ட செல் எடுத்துக்கொள்ளும். மிச்சப் பொட்டலங்களைக் கல்லீரலே திரும்பப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பிடிக்க அதன் மேல் கொக்கிகள் இருக்கின்றன. இவருக்குப் பிறக்கும்போதே அதில் பாதி வேலை செய்யவில்லை.

குனிந்தே இருந்த இவர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெர்த் பத்தல" என்று என்னிடம் தமிழில் சொன்னார். "கப்பல் வந்துட்டே இருக்கு, கரையில கட்டிப்போட இடம் பாதிதான். அப்போ கடல்லயே நிக்கும்." பட்டறைக்காரருக்கு அது போதும். எனக்கும் ஈஸ்ட் கோஸ்ட் கடலில் வரிசையாக நிற்கும் கப்பல்கள் கண்ணில் வந்தன.

அப்படி இடமில்லாமல் சுற்றுவதுதான் ரத்தக் குழாய்ச் சுவரில் புகுந்து படிகிறதாம். குதிகால் தசைநாரிலும் படிகிறதாம். மிச்சத்தை வாரிக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்புகிற நல்ல வகையும் உண்டு, ஆனால் இவ்வளவு சரக்கை அதனால் சமாளிக்க முடியாது.

"அப்போ நாற்பது நாள் சுத்தபோசனம்?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

டாக்டர் சிரிக்கவில்லை. சாப்பாட்டில் கவனமாக இருப்பது எல்லோருக்கும் நல்லது, இவருக்கும் நல்லது, கொஞ்சம் குறையும். ஆனால் வெளியிலிருந்து வருவது குறைந்தால் கல்லீரல் உள்ளே கூடுதலாகச் செய்து ஈடுகட்டப் பார்க்கும். இந்த அளவுக்கு ஏறியிருப்பது பரம்பரை, தட்டில் இருப்பது அல்ல என்றார். நாற்பது நாளும் இவர் ஒழுங்காகத்தான் இருந்திருக்க வேண்டும், அந்த நூலளவு இறக்கமே அதற்குச் சாட்சி என்றார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் இவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். யார் யார் எப்படி என்று அந்த அம்மாவுக்கும் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கிறது.

அன்றே இதயக் குழாய்களை ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தார். அதன் முடிவு வரும்வரை அந்த ஒன்பது நாளும் நான் பள்ளியில் பிள்ளைகளிடம்கூடச் சத்தம் போடவில்லை. லேசாகப் படிந்திருக்கிறது, அடைப்பு இல்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். அப்பாடா என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மாத்திரை எழுதினார். அது கல்லீரலைக் குறைவாகச் செய்யச் சொல்லுமாம். கையிருப்பு குறைந்ததும் கல்லீரல் தானே கூடுதல் கொக்கிகளை வெளியே நீட்டி ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளுமாம். பிப்ரவரியிலேயே நான் வேண்டாம் என்று தடுத்தது இதே மாத்திரையைத்தான்.

மருத்துவமனை பஸ் நிறுத்தத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை, அதனால் ஒழுங்காக வரவில்லை. "அந்தத் தட்டு உங்களுது இல்லைதானே" என்றேன்.

"இல்லடி."

"தெரியும்."

"இப்பத் தெரியும்" என்றார். பிறகு, "விடு லா" என்று என் கைப்பையை வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகளுக்கும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர், பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். அந்த முடிவும் வந்தது. அவளுக்கு இல்லை. "அப்போ இன்னைக்கு டின்னர் ஃப்ரைட் சிக்கன்" என்றாள். அன்றைக்கு நானே வாங்கிக் கொடுத்தேன்.

மாமியாரிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. பயந்துவிடுவார். ஆனால் டாக்டர் கேட்கச் சொன்ன ஒரு கேள்வியை இவர் ஒரு ஞாயிறு பேச்சோடு பேச்சாகக் கேட்டார். அப்பாவுக்குக் குதிகால் எப்படி இருக்கும்?

"தடிச்சுப் போய்க் கெடக்கும்" என்றார் மாமியார். "செருப்பு வார் ஏறாது. சைக்கிள் மிதிச்சு மிதிச்சு வந்ததுன்னு சொல்லுவாக. ஏன்யா?"

"சும்மாதாம்மா."

ஜூன் வந்தது. நாற்பத்தைந்து பிறந்தது. அந்த வாரம் எடுத்த ரத்தத்தில் சிவப்பு எழுத்து போய்க் கறுப்பாகிவிட்டது. நான் அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மாமியார் வந்ததும், இவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கல்லீரல், பொட்டலம், கொக்கி, கப்பல். கடைசியில், "அப்பாவுக்கும் இதேதாம்மா இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. பிறவிலயே உள்ளது. கறி தின்னதால வந்தது இல்ல" என்றார்.

மாமியார் முகம் திரையில் அப்படியே நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் போனைத் தட்டிப் பார்த்தேன். இல்லை, திரையில் அவர் கண் சிமிட்டியது.

"அவரு போறதுக்கு மொத நாளு ராத்திரி குடல் கொழம்பு வச்சிருந்தேன்" என்றார். "இன்னொரு கரண்டி ஊத்துன்னாரு. வேண்டாம்னு சொல்லத்தான் நெனச்சேன். ஆசையாக் கேட்டாரேன்னு ஊத்திட்டேன். விடிஞ்சதும் ஆளு போயிட்டாரு."

முப்பத்திரண்டு வருடப் பருப்பும் ரசமும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது விரதமே இல்லை. தூணுக்குப் பின்னால் நின்றவள் நான், ஆனால் இந்தப் பொம்பளை இத்தனை வருடமாகத் தன்னையே அப்படி நின்று குற்றம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மா" என்றார் இவர். "அந்த ஒரு கரண்டியால ஒண்ணும் ஆகலம்மா. ஈரல்தாம்மா காரணம். நீ ஆக்கிப் போட்டதால இல்ல."

மாமியார் போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார். திரை முழுக்க ஒரு கண்ணும் கொஞ்சம் நெற்றியும்தான் தெரிந்தது.

"இன்னொரு தடவ சொல்லுய்யா" என்றார்.

இவர் இன்னொரு தடவை சொன்னார்.